தூங்குகிற சுறாவுக்கும் ரத்தம்

இத்தனை வருடம் கழித்தும் நான் வரைந்த அந்தப் படத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. நெய்வேலி டவுன்ஷிப்பில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தமானிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். கடலுக்கடியில் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாக மேலே கொண்டுவருவது அங்கே அவர் வேலை.

அப்பாவுக்கு அது வேலையே இல்லை. யார் யாரையோ பார்த்து மாமாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் ஒருநாள் பெர்மனென்ட் ஆகியிருக்கலாம், அதை உதறிவிட்டுக் கப்பலேறிவிட்டானே என்பது அவருடைய ஆறாத மனக்குறை. மாமா வந்ததிலிருந்து அப்பா அவரோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு, "அவன சாப்பிடச் சொல்லு" என்று அம்மா வழியாகச் செய்தி போகும். "வெள்ளக்காரனுக்கு காத்து சிலிண்டர் தூக்கிகினு திரியறான்" என்று எதிர்வீட்டாரிடம் மாமாவின் காதில் விழும்படியே சொல்வார்.

எனக்கோ மாமா பேசினால் சோறு தண்ணீர் வேண்டாம். தான் பார்த்த சுறாக்களையெல்லாம் போனில் எடுத்து வைத்திருந்தார். கணுக்கால் தண்ணீரில்கூட வந்து சுற்றும் கருமுனைச் சுறா. குட்டியில் உடம்பெல்லாம் வரியும் பெரிதானதும் புள்ளியுமாக மாறிவிடும் ஒன்று. மணலில் மெத்தை போட்டதுபோல் படுத்துக் கிடக்கும் நர்ஸ் சுறா. பேருந்து நீளத்துக்கு வளர்ந்தும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை வடிகட்டித் தின்னும் திமிங்கலச் சுறா. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வெண்முனைச் சுறாதான்.

"பகல்ல பாறைக்கு அடியில தூங்கிகினு இருக்கும் பாப்பா. நாம போனா ஒரு கண்ணால பாக்கும். இவன்தானான்னு மறுபடியும் அப்படியே கெடக்கும்."

"கடிக்காதா மாமா?"

"நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இந்தச் சுறாக்களையே பெரிய சார்ட்டில் வரைந்து, 'என் மாமா கடலுக்கடியில் இறங்கிப் பார்த்தவை' என்று மேலே எழுதினேன். எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் தெர்மாகோல் சுரங்கம்தான் பரிசு வாங்கும். பேட்டரி போட்டால் சக்கரம் சுற்றும், கரித்தூள் கொட்டும், வந்தவர்கள் கைதட்டுவார்கள். இந்த வருஷம் நடக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் படத்தைப் பார்த்த டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "சுறான்னா ஒரு பயம் வேணாமா? எல்லாம் மாடு மாதிரி நிக்குது. வாயில கொஞ்சம் ரத்தம் போடு. அப்பதான் நின்னு பார்ப்பாங்க."

மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் குதித்தேன். கடிக்காத ஜீவனுக்கு எதற்கு ரத்தம்? அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கடிக்காத மீனப் பாக்கறதுக்கு எதுக்குடி ஒரு ஆளு, அதுக்கொரு சம்பளம்?" என்றார். மாமா சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக அவர் சண்டை போடாததே எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மறுநாள் பள்ளியில் சார்ட்டை விரித்தேன். எல்லாச் சுறாக்களின் வாயிலும் ரத்தம்! என்னுடைய போஸ்டர் கலர்தான். பூச்சி தின்னும் திமிங்கலச் சுறாவின் மோவாயிலிருந்துகூடச் சொட்டியது. பாறைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த என் வெண்முனைச் சுறாவையும் விட்டுவைக்கவில்லை. தூக்கத்தில் அது யாரைக் கடித்ததாம்?

துடைக்கப் போனேன், சிவப்பு இன்னும் பரவியது. அதற்குள் ஆட்களை உள்ளே விட்டுவிட்டார்கள். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம் என் மேசை முன்னால். "இது ரத்தம் இல்லீங்க, யாரோ பூசிட்டாங்க, இதெல்லாம் கடிக்காதுங்க" என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. டீச்சர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து அப்பா யூனிஃபார்மோடு வந்தார். அம்மாவும் மாமாவும் முன்பே வந்திருந்தார்கள். மாமாவின் நக இடுக்கில் சிவப்பு ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவர் படத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுங்க நடுவுலயா எறங்கறாரு? யாருப்பா அது?"

அப்பா படத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "என் மச்சான்தான்" என்றார்.

"பொய்ப்பா! மாமாதான் பூசினாரு! கடிக்காதுன்னு நீதானே மாமா சொன்ன?"

"சும்மா இரு பாப்பா" என்றார் மாமா. என்னிடம் அவர் அதுவரை அப்படிப் பேசியதே இல்லை.

பரிசு தெர்மாகோல் சுரங்கத்துக்கே போனது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாமாவின் பக்கத்திலேயே வந்தார்.

"பயமா இருக்காதாடா?" என்று மாமாவிடமே கேட்டார்.

"இருக்கும் மாமா. பயம் இருந்தாத்தான் ஜாக்கிரதையா இருப்போம்."

"மைன்ஸ்லயும் அப்படித்தான்" என்றார் அப்பா.

நான் அம்மாவின் கையை இழுத்தேன். இவ்வளவு பெரிய பொய்யை நீ கேட்கவே மாட்டாயா என்றேன். "விடுடி, அப்பா பேசறாரு இல்ல" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளும் அவர்கள் கட்சி என்று முடிவு செய்தேன்.

மாமா கிளம்பும்வரை அவரோடு பேசவில்லை. கிளம்பிய அன்று அவருடைய பையை அப்பா வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே நடந்தார். நான் ஜன்னலைப் பிடித்தபடி உள்ளேயே நின்றேன். தெருமுனையில் அப்பா ஏதோ கேட்க, மாமா நின்று இரண்டு கைகளையும் அகல விரித்து, அதுவும் போதாமல் ஓர் அடி நகர்ந்து காட்டினார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"அவ்ளோ பெருசு கெடையாது! பொய் சொல்றாரு!" என்று ஜன்னல் கம்பிக்குள் முகத்தைத் திணித்துக் கத்தினேன். அவர்கள் சுறாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.