கேட்டில் நின்ற பதினோரு நிமிடம்

யுத்தத்துக்கு முன்னால் வருஷந்தோறும் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும் கார்ப் பந்தயம் ஒன்று நடந்தது. ஒரு வருஷம் திண்டிவனத்தில் வண்டிகள் வந்து சேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் குமாஸ்தா வேலை எனக்குக் கிடைத்தது. குறித்த நேரத்துக்குப் பிந்தி வரும் வண்டிக்கு மார்க் குறையும்.

அன்று மத்தியானம் ரயில்வே கேட் காவலர் ஒருவர் மூச்சிரைக்க எங்கள் மேஜைக்கு ஓடி வந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் கையிலிருந்த பச்சைக் கொடியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"நீல வண்டி லேட்டுன்னு மார்க்கு கொறைச்சுட்டீங்கன்னு பஸ்காரரு சொன்னாரு. கூட்ஸு வருதுன்னு நான்தாங்க கேட்டை மூடினேன். பதினோரு நிமிசம் நின்னுக்கினு இருந்தாரு. அவரு மேல தப்பு இல்லீங்க."

நடுவராக இருந்த வெள்ளைக்காரத் துரையிடம் அதை இங்கிலீஷில் சொன்னேன். ரயில்வே கேட்டைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று அவர் நிமிராமலே சொல்லிவிட்டார்.

"ஓட்டுறவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று காவலரைக் கேட்டேன்.

"இல்லீங்க. வருசா வருசம் அந்த வண்டியத்தான் பாத்துக்கினு இருக்கேன். இந்த வாட்டி அதுதான் முன்னால வந்துச்சு. நானே தடுத்துட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதை நான் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. நீல வண்டி தோற்றது.

மறுவாரம் அந்த வழியாகப் போனபோது கேட்டில் வேறு ஆள் இருந்தார். கேட்டை விட்டுவிட்டு ஓடியதற்காகப் பழையவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். தனக்காக ஒருவர் வேலையை இழந்தது அந்த ஓட்டுநருக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.