இடப்பக்கம் மெலிந்த ஒலி

எங்கள் ஸ்டுடியோ கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஓடும். அது இறங்கும்போதெல்லாம் எங்கள் தரையும் லேசாக அதிரும். பாடங்களையும் கம்பெனிப் பயிற்சி வகுப்புகளையும் பல மொழிகளில் பேசவைத்துப் பதிவு செய்து தருவது எங்கள் தொழில். பதிவானதை வெட்டி ஒட்டிச் சீராக்குவது என் வேலை.

பழைய ஹெட்போன்களின் குஷன் உரிந்து, கறுப்புத் துணுக்குகள் எல்லார் காதிலும் ஒட்ட ஆரம்பித்தபோது முதலாளி மூன்று புது மாதிரிகளை வரவழைத்து என் மேஜையில் வைத்தார். மூன்றுமே பின்புறம் மூடியவை. பேசுபவரின் காதில் ஓடும் ஒலி வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிட்டால் பதிவு கெட்டுவிடும், அதனால் எங்களுக்கு மூடியதுதான் சரிப்படும். ஸ்டுடியோவிலும் போட்டுப் பார், வீட்டுக்கும் கொண்டுபோய்ப் பார், எதை வாங்கலாம் என்று நீயே சொல் என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. காலையில் நன்றாக இருந்தது மாலையில் வேறு மாதிரி இருந்தது. ஒன்றில் குரல் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது, ஆனால் ‘ச’ வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது. இன்னொன்று தலையை இடுக்கி போலப் பிடித்தது. மூன்றாவதின் குஷன் மெத்தென்று இருந்தாலும் குரலுக்கு மேல் ஒரு போர்வை கிடந்தது போலிருந்தது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, மறுபடியும் முதலாவதையே மாட்டி, என்ன கேட்டேன் என்பதையே மறந்துபோவேன்.

தமிழ்ப் பாடங்களைப் பேசுகிற அக்கா தேஹு ரோட்டிலிருந்து வருவார். அங்கே ராணுவக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை, விடுமுறை நாட்களில் எங்களுக்குக் குரல் தருவார். நானும் தேஹு ரோட்டில் வளர்ந்தவன் என்பதால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இடுக்கி போலப் பிடிப்பதை அவர் மாட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒரு காதை விலக்கினார்.

“நை, வேணாம் தம்பி, இத போட்டா என் குரலே டப்பாக்குள்ள இருந்து வர மாதிரி இருக்கு. எப்படிப் பேசறது?”

“ஒரு காத விட்டீங்கன்னா சத்தம் மைக்ல ஏறிடும்க்கா.”

“ஏறட்டும். நான் என்ன கத்தறேன்னு எனக்கே தெரியணும் இல்ல?”

அவர் சொன்னது நியாயம். அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் அதற்குள் வேறொரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றிலுமே இடப்பக்கத்தில் பேஸ் என்கிற அடித்தொனி குறைவாகக் கேட்டது. சோதிக்க நான் போடும் பாட்டில் மிருதங்கத்தின் வலந்தலை சரியாக விழுந்தது, தாழ்ந்து ஒலிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனம் மட்டும் இடது காதுக்கு வரவில்லை.

முதலில் ஹெட்போனைத்தான் சந்தேகப்பட்டேன். ஒன்றில் குறை இருக்கலாம், மூன்றிலும் இருக்குமா? வயரைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். கடைசியில் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினேன். அப்போதும் மெலிந்தது இடப்பக்கம்தான். அதாவது, என் காது.

அந்த வாரத்திலேயே, நான் வீட்டில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்த ஒரு பாடத்தைப் பற்றி வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. பின்னணி இசை இடப்பக்கம் அதிகமாக இருக்கிறதாம். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, “காய் ஜாலா?” என்றார், என்ன ஆயிற்று என்று. கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரிசெய்து தருகிறேன் என்றேன். எனக்குக் குறைவாகக் கேட்டதை நானே ஏற்றிவைத்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வான்?

அதற்குப் பிறகு எங்கேயும் நிலையாக இருக்க முடியவில்லை. வாகட்டில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டு இடது காதருகே தேய்ப்பேன், பிறகு வலது காதருகே. சத்தம் சமமா? ஒரு நேரம் சமம், ஒரு நேரம் இல்லை. சோதிக்கச் சோதிக்க இடது காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போலவும் இருந்தது. ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தேன். ஆனால் ஸ்பீக்கரின் ஒலி இரண்டு காதுக்குமே போகும், அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூடக் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

என் மனைவி கோயம்புத்தூர்க்காரி, ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை. ஒரு சனிக்கிழமை என் முன்னால் வந்து நின்று ஹெட்போனைத் தன் கையாலேயே கழற்றினாள்.

“ஏனுங்க, எத்தன தடவ கூப்பிடறது?”

“இது மூடின டைப். கேக்காது.”

“அது போடாதப்பவும் நீங்க கேக்கறதில்லீங்க. என்னன்னு சொல்லுங்க.”

சொன்னேன். இடது காது போகிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவள் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

“அப்ப டாக்டர்கிட்ட போறதுதானே. பயந்துட்டே உக்காந்திருந்தா காது நல்லாயிருமா?”

அவளே வண்டி ஓட்டினாள். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் ஊர்ந்து போனபோது நான் வேறு என்ன வேலை தேடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கு எனக்கு வராது. வீடியோ எடிட்டிங் கொஞ்சம் தெரியும். அதிலும் ஒலி இருக்கிறது.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அழுக்குகூட இல்லை என்றார். பிறகு சோதனை அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த இளம்பெண் கனத்த கதவுள்ள சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, “சஷ்மா நிகாலியே” என்றாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். என் இதயம் அடிப்பதே பெரிதாகக் கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று புரியாமல் அழுத்தினேன், சிலசமயம் அழுத்தாமல் விட்டேன். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

இரண்டு காதும் நன்றாக இருப்பதாக முடிவு வந்தது. இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றுபோல. மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள். எனக்கு நிம்மதி வரவில்லை. காதில் குறை இல்லை, ஹெட்போனில் குறை இல்லை, வயரில் இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது என் மூளை. திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குப் போய் முதல் வேலையாக மாட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் அதே மெலிவு. எழுந்து வாசல் வரை போய் அரை டம்ளர் கட்டிங் சாய் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி மாட்டினேன். மறுபடி எழுந்தேன்.

மதியம் கரண்ட் போயிற்று. எங்கள் கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடியது, ஏ.சி. ஓடவில்லை. மூடிய ஹெட்போனுக்குள் காது வெந்தது, வியர்வை வழிந்து கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. எரிச்சலோடு ஹெட்போனைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் துணி கிடைக்காமல், அதை மேஜைமேல் வைத்துவிட்டு ஹெட்போனை மட்டும் மாட்டினேன்.

மிருதங்கம் இரண்டு பக்கமும் முழுதாக இறங்கியது.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் போய்விடும் என்று தோன்றியது. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன், இடப்பக்கம் மெலிந்தது. கழற்றினேன், வந்தது. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சில வாரங்களுக்கு முன் என் மகள் சோபாவில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நானே கையால் நிமிர்த்தி வைத்திருந்தேன். இடது காதுக்குப் போகும் கம்பி இன்னும் வெளிப்பக்கம் வளைந்துதான் இருந்தது. அது குஷனைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அந்த இடுக்கு வழியாகப் பேஸ் முழுக்க வெளியே போயிருக்கிறது. பழைய ஹெட்போன்களின் உரிந்த குஷன் எல்லாப் பக்கமும் ஒழுகியதால் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. புதியவை நன்றாக மூடியதால்தான் இடுக்கு தெரிந்தது. சோதனை அறையில் கண்ணாடி என் மடியில் கிடந்தது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரிடம் போனது உட்பட. அவர் என் கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தோ கோன்ஸா லேனா ஹை?” என்றார். சரி, எதை வாங்குவது என்று. எல்லாவற்றுக்கும் பிறகு அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

பயம் போனபின் தீர்மானிக்க ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கண்ணாடி போட்டவர்கள். கடையில் கம்பியை நிமிர்த்திக்கொண்டு வந்து, கண்ணாடியோடும் இல்லாமலும் மூன்றையும் கேட்டேன். இடுக்கி போலப் பிடித்தது கண்ணாடிக் கம்பியைப் பொட்டில் அழுத்தி வலியைத்தான் கொடுத்தது. ‘ச’வில் ஊசி குத்திய மாதிரியில் கண்ணாடி போட்டதும் பேஸ் அடியோடு மெலிந்தது. மெத்தென்ற குஷன் மட்டும் கம்பியைச் சுற்றி அமிழ்ந்து மூடிக்கொண்டது. குரலின் மேல் கிடந்த அந்தப் போர்வைக்குக் கொஞ்ச நாளில் காது பழகிவிடும். அதையே வாங்கச் சொன்னேன். தேஹு ரோடு அக்கா அதைப் போட்டு ஒரு பாடம் முழுக்கப் பேசினார். “டீக் இருக்கு தம்பி, டப்பா பெருசாயிடுச்சு” என்றார். அன்று மைக்கில் எதுவும் ஏறவில்லை. இடப்பக்கம் ஏற்றிவைத்த பாடத்தையும் திருத்திக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வேலையாக இல்லாமல் ஒரு பாட்டைச் சும்மா கேட்கலாம் என்று வீட்டில் ஹெட்போனோடு சாய்ந்து உட்கார்ந்தேன். பல்லவி முடிவதற்குள் வயலின் எந்தப் பக்கம் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். அனுபல்லவி வரை வந்தேன். பிறகு கழற்றி வைத்துவிட்டு, காய்கறி வாங்கிவர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.