சத்தியம் செய்யாத சமையல்காரன்

காரைக்கால் பேருந்து நிலையத்தில், ஒரு காலை நேரத்தில்தான் அந்தத் தீவு பிறந்தது. போலகத்திலிருந்து வந்து இறங்கி, நான் அரசியல் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் போகும் அடுத்த பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, எங்கள் கல்லூரி ஹிஸ்டரி மேடம், "நேத்து உங்க வகுப்பு வழியா வந்தேன் மேடம். பாதிப் பிள்ளைங்க தூங்குதுங்க" என்றார். கோபம் வரவில்லை. அரசு எப்படித் தோன்றியது, மக்கள் ஏன் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் அறிஞர்களின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியும். "கதையாச் சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

கோட்டுச்சேரி வருவதற்குள் கதை ஆரம்பித்துவிட்டது. அவர் குடும்பத்தில் ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல் ஓட்டியவர்கள் உண்டு. அதனால் கதைக்குக் கப்பலை அவர் கொடுத்தார். அது உடைந்து நாற்பது பேர் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். முதலில் பலசாலி ஆள்கிறான். பிறகு ஒருவன், தன்னை ஆண்டவனே நியமித்ததாகச் சொல்கிறான். ஒரு விதவை நீரூற்றைச் சுற்றி வேலி போட்டு, இது என்னுடையது என்கிறாள். தினமும் அரை மணி நேரப் பயணத்தில் நானும் அவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். நடத்துநர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பேசியதை நான் வகுப்பில் போய்ச் சொல்வேன். பிள்ளைகள் விழித்திருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் அடித்துக்கொண்ட கருத்துகளையெல்லாம் அந்தத் தீவில் குடியேற்றிவிட்டோம் என்று எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சமையல்காரனிடம் வந்தபோதுதான் கதை நின்றது. தீவில் எல்லோரும் கூடி, ஒரே சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்கிறார்கள். அவன் மட்டும் மறுக்கிறான். எல்லோருக்கும் சமைப்பேன், சத்தியம் மட்டும் செய்யமாட்டேன் என்கிறான். அவனை ஒதுக்கி வைப்பதா, வேண்டாமா? நான் அவன் பக்கம். ஒருவன் மனசாட்சியில் கை வைக்க முப்பத்தொன்பது பேருக்கும் உரிமை கிடையாது என்றேன். ஹிஸ்டரி மேடம் கூட்டத்தின் பக்கம். "எல்லாரும் கஷ்டப்பட்டு ஒண்ணா நிக்கிறாங்க. அதுல அவனும்தானே குளிர் காயுறான்? அவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்று கேட்டார். இரண்டு வாரம் பேசியும் தீரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரியில் வேலைநிறுத்தம் வந்தது. நாங்கள் பணி நிரந்தரம் கேட்டோம். நியாயமான கோரிக்கை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஹிஸ்டரி மேடம் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போட்டார், ஆனால் வகுப்பை நிறுத்தவில்லை. "அடுத்த மாசம் பரீட்சை. என் பாடம் இன்னும் முடியல. சாயங்காலம் வந்து உங்களோட உக்காருறேன், காலையில என்னை விட்டுடுங்க" என்று கூட்டத்தில் கேட்டார். யாரும் விடவில்லை. இனி அவரோடு எவரும் பேசக் கூடாது என்று ஒருவர் தீர்மானம் சொன்னார். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்.

சமையல்காரன் நினைவுக்கு வந்தான். கூடவே, கை தூக்காவிட்டால் நானும் ஆசிரியர் அறையில் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது. தூக்கினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேருந்தில் அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். வேலைநிறுத்தம் பதினோரு நாளில் ஒரு வாக்குறுதியோடு முடிந்தது. அந்த வாக்குறுதி இன்றுவரை வாக்குறுதியாகவே இருக்கிறது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் பேச்சு தொடங்கவில்லை. முதலில் பேச எனக்கு வெட்கம். நாள் போகப் போக அதுவே பழக்கமாகிவிட்டது. கல்வியாண்டு முடிந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டு, ஷார்ஜாவிலிருந்த கணவரிடம் புறப்பட்டார். கடைசி நாள் என் மேசைக்கு வந்தார். "அந்தத் தீவை நீங்களே முடிச்சிடுங்க மேடம். எனக்கு அலுத்துப்போச்சு. எனக்காக துஆ செய்ங்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எத்தனையோ வருடங்களாக அந்தக் கதையைத்தான் வகுப்பில் சொல்கிறேன். பலமுறை எழுதிப் பார்த்தும் முடிக்கத் தெரியவில்லை. சமையல்காரனை மன்னிக்க வைத்தால் பொய்யாக இருக்கிறது. துரத்த வைத்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். அவனைப் பற்றிப் பிள்ளைகளையே விவாதிக்கவிட்டு, மணியடித்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். எனக்கும் அலுத்துத்தான் போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு அவன் பக்கம் நிற்கும், பாதி கூட்டத்தின் பக்கம். தன் நாற்காலியை யாரும் பணயம் வைக்காத விவாதம்.

போன வாரம், கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நீங்க அந்தத் தீவுல இருந்தா அவனை ஒதுக்கி வைக்கக் கை தூக்கியிருப்பீங்களா?"

"தூக்கினேன்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அப்புறம் அவங்ககிட்ட பேசினீங்களா மேடம்?"

"இல்ல."

"ஏன்?"

மணியடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.