அசையாமல் நிற்க ஒரு விளையாட்டு

பஸ் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. சிக்னலில் நின்றால்தான் ஆரம்பித்துவிடும். காலடியில் தரை மெல்ல எழும்பும், இறங்கும், மறுபடி எழும்பும். பக்கத்து சீட்டு அம்மா பாட்டுக்குக் கீரையை ஆய்ந்துகொண்டிருப்பார். நான் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி, பச்சை விழுந்து தொலையேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் முழுக்க இப்படித்தான் சுற்றினேன். மயிலாப்பூரில் ஏறி அடையாறு, அடையாறில் ஏறி தி.நகர், அங்கிருந்து மறுபடி மயிலாப்பூர். எங்கேயும் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி கிளம்பியதும் தோளைத் தளர்த்திக்கொள்வேன். ஓடுகிற வண்டியில் மட்டும் உலகம் ஆடாமல் இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், நான் பி.டி. டீச்சர். மயிலாப்பூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் பெண் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பதுதான் என் பிழைப்பு. "அசையாதே" என்று நான் மைதானத்தில் போடுகிற சத்தத்துக்கு வெளியே ரோட்டில் போகிற ஆட்டோக்காரர்கூட ஒரு நொடி பிரேக் போடுவார் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவள் கொடிக்கம்பத்தைப் பிடிக்காமல் நிற்க முடியாதவளாகிப் போனேன்.

எல்லாம் அந்த அந்தமான் பயணத்தால் வந்தது. மே மாத லீவில் டீச்சர்கள் சேர்ந்து கப்பலில் போனோம், கப்பலிலேயே திரும்பினோம். போன வழியெல்லாம் ஆளாளுக்கு வாந்தி. எனக்கு மட்டும் ஒரு ஏப்பம்கூட வரவில்லை. டெக்கில் நின்று எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். சென்னையில் இறங்கியதும் அவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது. எனக்குத்தான் கப்பல் நிற்கவே இல்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது, பூசையில் முழங்காலிடும்போது, கட்டிலில் படுத்துக் கண்ணை மூடும்போது, எப்போதும் அலை.

காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தவர் மூளை நன்றாக இருக்கிறது என்றார். பங்குக் கோயில் ஜெபக்குழு அக்கா ஒருவர் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்து நெற்றியில் தடவிவிட்டார். மெனோபாஸ் என்றார் என் நாத்தனார். கடைசியில் அடையாறில் ஒரு நரம்பு டாக்டர்தான், நான் சொன்னதை நடுவில் வெட்டாமல் கேட்டுவிட்டு, பஸ்ஸில் போனால் சரியாகிவிடுகிறதா என்று அவராகவே கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சொன்னார். கரை இறங்கிய பிறகு வரும் நோயாம். அபூர்வமாகத்தான் வருமாம். கடலுக்குப் பழகிக்கொண்ட மூளை தரைக்குத் திரும்ப மறந்துவிடுகிறது என்றார். மாத்திரை அதிகம் உதவாது, தி.நகரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் தலையில் மாட்டிக்கொண்டு ஆடுகிற விஆர் விளையாட்டு இருக்கிறது, முயற்சி செய்து பாருங்கள் என்று சீட்டு எழுதினார்.

இந்தக் காலத்தில்தான் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. லைப்ரரியில் ஒரு இடம் இருக்கிறது, உட்கார்ந்தே பார்க்கிற வேலை, வேறு பி.டி. மிஸ்ஸை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட்டை நான் நடத்துகிறேன் சிஸ்டர், அன்றைக்கு நிற்க முடியவில்லை என்றால் நானே லைப்ரரி சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கிளினிக் ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே கடை வாசலில் ஒருவர் மைக்கில் போகிற வருகிறவர்களை எல்லாம் வாங்கம்மா, வாங்க என்று நாள் பூராவும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். சுவரில் மாட்டியிருந்த மாதாக் காலண்டரைப் பார்த்து நிற்க வைத்து, கண்ணை மூடி, கையை முன்னால் நீட்டி, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிக்கச் சொன்னாள். இந்த நோய் இருப்பவர்கள் மிதிக்க மிதிக்கத் தங்களை அறியாமலே ஒரு பக்கம் திரும்பிவிடுவார்களாம். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விளையாட்டில் கோடுகள் ஓடும் பக்கத்தை முடிவு செய்ய வேண்டுமாம்.

டிரில்லில் இதைத்தான் மார்க் டைம் என்போம், அதை என்னிடமா சொல்வது. மிதித்தேன். கண்ணைத் திறந்தால் மாதா அப்படியே நேர் எதிரில். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள், இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னாள். மறுபடியும் நேர்தான். சரி மேடம், ஒரு பக்கமாக வைத்து ஆரம்பிப்போம், போகப் போகப் பார்க்கலாம் என்றாள்.

விஆர் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் மாட்டியதும் தி.நகர் காணாமல் போனது. சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள், பெரிய திரைச்சீலையை யாரோ இழுத்துக்கொண்டே போவது போல ஒரே பக்கமாக ஓடின. நடுநடுவே பலூன்கள் மிதந்து வரும். தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சாய்த்துக்கொண்டே அவற்றைப் பார்வையாலேயே உடைக்க வேண்டும். உடைந்தால் டப் என்று சத்தம், மேலே பாயின்ட் ஏறும். இந்த வயதில் பலூன் உடைக்கிறேன் பாருங்கள் என்று சிரித்தேன். முதல் நாள் மட்டும்தான் சிரித்தேன்.

ஆட்டம் குறையவில்லை, கூடியது. முன்னே தொட்டில் ஆடுவது போல் இருந்தது, இப்போது யாரோ ஆளைப் பிடித்துத் தள்ளுவது போல் ஆகிவிட்டது. அடுக்களையில் மேடையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ராத்திரியில் தூங்கவில்லை, பகலில் ஒரு இடத்தில் உட்காரவில்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பாவம், அதில் முக்கால்வாசி என் கணவர் தலையில்தான் விழுந்தது. அவர் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், ஒரு அச்சகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் காபியைக் கொடுத்துவிட்டு, வானிலை கேட்பது போலக் கேட்பார்.

"கடலு இன்னிக்கு எப்டி கீது?"

புயல் எச்சரிக்கை என்பேன். சாயந்திரமானால் ஸ்கூட்டரை எடுத்து வந்து வாசலில் நிறுத்துவார். நான் பின்னால் ஏறிக்கொள்வேன். அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் வரைக்கும் ஒரு சுற்று. சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பச்சை விழும்வரை வண்டி நிற்காதபடி உருட்டிக்கொண்டே போவார். பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

ஒரு சாயந்திரம் ஊரூர் குப்பத்துப் பக்கம் கடற்கரை மணலில் இறங்கினோம். இனி கிளினிக்குக்குப் போகப் போவதில்லை, சிஸ்டரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் மணலில் உட்கார்ந்துகொண்டார். அந்த டெஸ்ட்டு, அந்த டெஸ்ட்டுன்னு சொல்கிறாயே, அது என்ன, செய்து காட்டேன் என்றார். கோபத்தோடு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணை மூடி, கையை நீட்டி மிதித்தேன். நிறுத்திக் கண்ணைத் திறந்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்போர்ட்ஸ் டேல பாக்குற மாரியே கீது. வாய்க்குள்ள லெஃப்ட் ரைட்டு சொல்லிக்கினு, எடது காத அலப் பக்கம் குடுத்துக்கினு."

எனக்குச் சுருக்கென்றது. மார்ச் பாஸ்ட்டில் மார்க் டைம் செய்யும்போது சின்னப் பிள்ளைகள் கோணிக்கொண்டு போவார்கள். ட்ரம் சத்தம் எப்போதும் இடது காதிலேயே இருக்கணும், விலகினால் குதிகாலை இழுத்துச் சரி பண்ணிக்கோ என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி என் காலுக்கே அது வழக்கமாகிவிட்டது. கிளினிக்கில் ட்ரம் இல்லை. ஆனால் இடது பக்க ஜன்னலுக்குக் கீழே அந்தப் புடவைக் கடைக்காரர் நாள் பூராவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாரே. அடிப்பாவி, அந்த 'வாங்கம்மா, வாங்க' சத்தத்தை இடது காதில் வைத்துக்கொண்டு நேராக நின்றிருக்கிறேன். ஒரு நோயாளியாக நிற்கச் சொன்னால் டீச்சராக நின்று காட்டியிருக்கிறேன்.

அங்கேயே மறுபடி செய்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். எண்ணிக்கை வாய்க்கு வராமல் இருக்க அருள் நிறைந்த மரியேயை உரக்கச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். கண்ணைத் திறந்தபோது கடலைக் காணோம். எதிரில் கரையேற்றி வைத்த படகுகளும், வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் என்னையே பார்த்தார்கள். மணலில் என் கால் தடம் வலது பக்கமாக வளைந்து வந்திருந்தது. நான் அந்தத் தடத்தைப் பார்த்துச் சிரித்தேன், அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவர் என் செருப்பைத் தேடி எடுத்து வந்தார்.

கிளினிக்கில் சொன்னதும் அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, மறுபடி மிதிக்க வைத்தாள். இந்த முறை நான் மாதாவை விட்டுவிட்டு பாத்ரூம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை தப்பான பக்கம் ஓடிய கோடுகள் பக்கம் மாறின. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள். விளையாட்டு முடிந்ததும் வண்டியில் ஏறக் கூடாது, ஊர் சுற்றவே கூடாது, அது மூளையைத் திரும்பக் கப்பலில் ஏற்றிவிடும் என்றாள்.

என் ஒரே நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் தோன்றியது. ஸ்கூட்டர் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. தி.நகரிலிருந்து மயிலாப்பூர் வரை இரண்டு பேரும் நடந்தே வருவோம். பாண்டி பஜார் கூட்டத்தில் தெரியாதவர்கள் தோளை எல்லாம் பிடித்திருக்கிறேன். நாலு தடவையாவது ஓடுகிற பஸ்ஸைப் பார்த்துக் கை தூக்கியிருப்பேன். அவர் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். வீட்டில் உட்கார முடியாமல் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து, கீழ் வீட்டுக்காரர்கள் வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் பலூன்கள் உடைந்துகொண்டே இருந்தன. புயல் போய் அலையானது. அலை முழங்காலளவு ஆனது. பிறகு சில நாள் கணுக்காலளவு, சில நாள் மறுபடி இடுப்பளவு. நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஸ்போர்ட்ஸ் டே அன்று காலையிலும் அவர் கடல் எப்படி என்றுதான் கேட்டார். கணுக்கால் என்றேன். அது பொய், அதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. லைப்ரரி சாவியை நினைத்துக்கொண்டேதான் வெள்ளைப் புடவையைக் கட்டினேன், விசிலைக் கழுத்தில் மாட்டினேன்.

நாலு ஹவுஸ் பிள்ளைகளும் கொடியோடு வந்தார்கள். ட்ரம் அடித்துக்கொண்டிருந்தது. நடக்கும்வரை எனக்குப் பிரச்சினை இல்லை, அது எனக்குத் தெரியும். நிற்கும்போதுதான் எல்லாம். மேடையில் சிஸ்டர் விருந்தினருக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார். என் கணவர் பெற்றோர் வரிசையின் கடைசியில், வெயிலில், தொப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வரிசை மைதானத்தின் நடுவுக்கு வந்து, மார்க் டைம் செய்து, நேரானது. மூச்சை இழுத்து ஹால்ட் சொன்னேன். ட்ரம் நின்றது. அட்டென்ஷன் சொன்னேன். எல்லாக் காலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. என் காலும் சேர்ந்தது.

காத்திருந்தேன், இதோ தரை எழும்பப் போகிறது என்று. எழும்பவில்லை. கொடிக்கம்பம் கொடிக்கம்பமாக நின்றது. மேடை நின்றது. என் பாதத்துக்குக் கீழே மயிலாப்பூர் மண், சூடாக, கெட்டியாக, அப்படியே இருந்தது.

அடுத்த ஆர்டர் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் கொடி பிடித்திருந்த சின்னப் பெண், உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மிஸ், நீங்க இன்னும் ஸ்டாண்ட் அட் ஈஸ் சொல்லல மிஸ்."

"இரும்மா," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்."