கமா போட்டுப் படித்த வரலாறு

"தபால்வழி பி.ஏ. வரலாறு, மூன்றாம் பாடம், பக்கம் இரண்டு. ஜனவரி 1997." பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த கேசட்டின் மேல் என் கையெழுத்து. பூசணம் பிடித்த நாடாவின் வாடை மூக்கில் ஏறியதும் நரசிம்மன் சாரின் குரல் காதில் விழுந்துவிட்டது.

அப்போது மல்லேஸ்வரத்தில் குடியிருந்தேன். அடுத்த தெருச் செல்விக்குப் பார்வை கிடையாது. வரலாற்றில் ஒருமுறை தோற்றிருந்தாள். மறுபடி தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாடங்களை யாராவது வாசித்துக் கேசட்டில் பதிந்து தர வேண்டும். எனக்கு ஆபீஸ். ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் கொட்டிக் கிடக்கிறது என்று நம்பினேன், வயது அப்படி.

நரசிம்மன் சார் நான் கேட்டு முடிப்பதற்குள் ஒப்புக்கொண்டார். முப்பது வருடம் ஸ்டெனோவுக்கு டிக்டேஷன் கொடுத்த அதிகாரி. ஓய்வுக்குப் பின் அவர் சொல்வதை வீட்டில் நாற்காலிகூடக் கேட்பதில்லை. கேசட் கேட்டது. "அக்பர் கமா தமது பதின்மூன்றாம் வயதில் கமா அரியணை ஏறினார் ஃபுல்ஸ்டாப். நெக்ஸ்ட் பேரா."

"கமா போடாம அக்பர் ஒரு வேலையும் செய்யமாட்டாராண்ணா?" என்றாள் செல்வி.

எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். மிச்சப் பாடங்களை அவரையாவது வாசிக்கவைக்கலாம் என்று போய், சமூக சேவை என்று இழுத்தேன்.

"பேடப்பா, வேண்டாம்! கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இப்பதான் வாயை மூடிக்கிட்டு காப்பி குடிக்கிறேன். சேவை கீவைன்னு வராத, போ."

கேட்க ஆளில்லாதவர் தொண்டுக்கு வருவார், பேசிக் களைத்தவர் வரமாட்டார் என்று ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தேன். கூடவே, டீச்சர் சுயநலக்காரி என்றும் தீர்மானித்தேன்.

பரீட்சை நெருங்கியது. மூன்று பாடம் பாக்கி. அந்த நேரம் பார்த்து முதியோர் சங்கம் நரசிம்மன் சாருக்குச் சால்வை போர்த்திச் செயலாளர் ஆக்கியது. தொண்டின் பெருமையை மேடை மேடையாகப் பேச வேண்டியிருந்ததால் தொண்டு செய்ய அவருக்கு நேரமில்லாமல் போயிற்று.

"மைக்கு கெடச்சப்புறம் டேப் எதுக்குப்பா அவருக்கு?" என்றார் அவர் மனைவி.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டுக்கே போனாள். "டீச்சர், எனக்கு அக்பரே புரியல. ஃபெயிலாயிடுவேன்."

"அக்பர் புரியலையா? எந்த மடையன் சொல்லிக்கொடுத்தான்? உக்காரு!"

டேப் வேண்டாம் என்றுவிட்டார். பரீட்சை வரை தினமும், கட்டிய தொண்டையோடு, திட்டிக்கொண்டே நடத்தினார். சேவைக்கு வராதவர் அக்பருக்காக வந்தார். அவருக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. போர்த்தியிருந்தால் அதற்கும் திட்டு விழுந்திருக்கும்.

செல்வி தேறினாள். இன்று கேசட் கிடைத்தும் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. அவளுடைய செல்போனே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறது. எந்தப் பெரியவரையும் கெஞ்ச வேண்டியதில்லை, எந்தப் பெரியவரிடமும் திட்டு வாங்கவும் முடியாது.

ஒன்று மட்டும் பாக்கி. பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுதினாள். கேசட் கேட்ட பழக்கதோஷத்தில் இவள் சொன்ன "கமா", "ஃபுல்ஸ்டாப்" எல்லாவற்றையும் அந்தப் பெண் அப்படியே சொல்லாகவே எழுதிவிட்டாளாம். சொன்னது செல்வி. விடைத்தாளை நான் பார்த்ததில்லை. எழுதிய பெண்ணும் அகப்படவில்லை. இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.