காய்ந்தது காய்ந்தபடி

குளியலறையிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் காத்திருந்த நிறுவன இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார்.

"பூட்ஸ் தேய்க்கிறா சார்," என்றார் கணவர். "வயல்லருந்து வந்தா முதல் கவனிப்பு அதுக்குத்தான். புருஷனெல்லாம் அப்புறம்தான்."

பன்னாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் வேளாண் நிபுணர் அவர் மனைவி. வேலை பார்த்த நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார். "மரவள்ளி நாட்டுலதான் மக பொறந்தா. சோள நாட்டுலதான் இவருக்கு வழுக்கை விழுந்துச்சு," என்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பூந்தொட்டிக்குள் விரலை விடுவார். "எனக்குத் தண்ணி வேணாம், இதுக்கு ஊத்துங்க!" அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மண்புழு' என்று பெயர்.

அன்று அவர் செய்த காரியம்தான் இயக்குநரை வீடு தேடி வரவழைத்திருந்தது. வறட்சியைத் தாங்கும் என்று நிறுவனம் மார்தட்டிய புது விதை, மாதிரி வயலில் கருகிப்போனது. மறுநாள் நிதி கொடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள். இயக்குநர் வேறெங்கோ நீர்விட்டு வளர்த்த செடிகளைக் கொண்டுவந்து நட்டுவைத்தார். இவர் அத்தனையையும் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் வந்ததும் இயக்குநர் குமுறினார். "என்னம்மா இது? அவங்க பாத்துட்டுப் போயிடப் போறாங்க!"

"அவங்க போயிடுவாங்க சார். அடுத்த பருவத்துக்கு ஊர் ஊரா இந்த விதையத்தானே குடுப்பீங்க? விவசாயி வயல் காஞ்சா, ராத்திரியோட ராத்திரியா யாரு வந்து நட்டுக்குடுப்பா?"

"செடி இன்னும் வாடல. திருப்பி நட்டுடுங்க. இல்லன்னா, தலைமைப் பதவிக்கு எழுதின உங்க பேரை நானே அடிச்சிடுவேன்."

இந்தப் பதவிக்காகத்தானே அவர் பெற்ற மகளின் பிறந்தநாட்களைக்கூடத் தொலைபேசியிலேயே கொண்டாடினார்! கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் கலங்கவில்லை.

"அடிச்சிடுங்க. காஞ்ச வயல் பக்கத்துல நான்தான் நிப்பேன். ஏன் காஞ்சுதுன்னும் நானே சொல்லுவேன்."

"மண்புழுவுக்கு இவ்வளவு திமிரா?" இயக்குநருக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"மண்புழுவுக்கு முதுகெலும்பு கிடையாது சார். எனக்கு இருக்கு."

கணவர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைலருந்து ஆபீஸ் வண்டி கிடையாது!" இயக்குநர் விருட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"ஒரு நிமிஷம் சார்." அவர் உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்துவந்து இயக்குநரின் கையில் வைத்தார்.

"ஏங்க, காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று உரக்கக் கேட்டபடியே கதவைச் சாத்தினார்.