மாமியின் குரவை

எங்கள் வளவின் தகரக் கதவு திறந்த சத்தம் அன்று ஒருவருக்கும் கேட்கவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகை முடித்து எங்கள் சாய்ந்தமருது ஊர் கண்ணயரும் வேளை. மாமரத்தின் கீழ் எங்கள் தெருப் பெண்கள் இடுப்பில் மேளங்களைக் கட்டிக்கொண்டு, கனவில் நடப்பவர்கள்போல் அசைந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அறுகம்பேக் கடற்கரையில் சில மாதங்கள் தங்கியிருந்த பிரேசில் பெண்ணொருத்தி எனக்குத் தன் நாட்டுச் சம்பா மேளத் தாளத்தைப் பழக்கிவிட்டு, ஊர் திரும்பும்போது மேளங்களையும் தந்துவிட்டுப் போயிருந்தாள். தெருப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துவிட்டேன். தொடங்கிய தாளத்தை நிறுத்தத்தான் முடியவில்லை. நடத்துபவர் விசில் ஊதினால் எல்லாரும் நிறுத்த வேண்டும். நானோ வயிற்றில் பிள்ளையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்; என் விசில் எவருக்கும் எட்டவில்லை.

அப்போதுதான் என் கணவரின் உம்மா, மாமி, வந்து நின்றார். முகமெல்லாம் கோபம். என்னைக் கூப்பிட்டது கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு, கலியாண வீட்டில் மாப்பிள்ளை வரும்போது பெண்கள் நாவைச் சுழற்றி இடுகிற குரவையை இட்டார். எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் நின்றன. அந்த அமைதிக்குள் கடல் கேட்டது.

“என்ன புள்ள இது? சந்தி வரைக்கும் கேக்குது. மகன் வந்தா நான் என்ன சொல்லுற?”

நான் மேளத்தைக் கழற்றத் தொடங்கினேன். மாமி நகரவில்லை. தன் ஒரு சத்தத்துக்கு அத்தனை மேளங்களும் அடங்கியதை நினைத்துக்கொண்டிருந்தார்போலும்.

“இன்னொருக்கா அடிங்க, பாப்பம்,” என்றார்.

இரவு மகனிடம் அவரே பேசினார். “நான்தான் அடிக்கச் சொன்னன்.” அதன்பின் ஒவ்வொரு பயிற்சியிலும் தாளத்தை நிறுத்தியது அவரது குரவைதான்.

மாமி மௌத்தாகி அடக்கமாகிச் சில வருடங்களாகின்றன. குழு இன்னும் இருக்கிறது. மேளங்களைக் கட்டும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அறுகம்பேக் கடற்கரையில் நாங்கள் முதன்முதல் வெளியே அடித்த பின்னேரம்தான். “ஆம்புளயள் இரிக்கிற எடத்துல நான் குரவை போடமாட்டன், மகள்,” என்று சொல்லிவிட்டு, என் கைக்குழந்தையோடு மாமி நாங்கள் வந்த வேனுக்குள்ளேயே இருந்துவிட்டார். முடிக்க வேண்டிய இடம் வந்தது. காற்று என் விசில் சத்தத்தைக் கொண்டுபோயிற்று. தாளம் ஆளுக்கொரு பக்கம் கலையத் தொடங்கியது. பெண்கள் பயந்து என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து குரவை எழுந்து, நீண்டு, எங்கள் தலைகளுக்கு மேலாகக் கடல் பக்கம் போனது. மேளங்கள் நின்றன. கூட்டம் முழுவதும் திரும்பித் தேடியது. திரை மூடிய ஒரு வேன் மட்டுமே அங்கு நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். “மாமி, நீங்களா?”

“நான் புள்ளையத் தாலாட்டி உறங்காட்டினன்,” என்றார், என் முகத்தைப் பாராமல்.

அவர் மடியில் கிடந்த என் மகள் கண்களை அகல விரித்து அவரது வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.